கதவைச் சாத்திக்கொள்ளும் பிளஸ் டூ பிள்ளையிடம் பேசுவது எப்படி?

மாதிரித் தேர்வில் மதிப்பெண் சரிந்த மாலை. பையை எறிந்துவிட்டு அறைக்குள் போன பிள்ளை வெளியே வரவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுகிறது. "வாய் ரொம்ப நீளுது" என்று வீடு முடிவுகட்டிவிடும். ஆனால் பதின்ம வயதில் மனச்சோர்வு வாடிய முகமாக மட்டும் வருவதில்லை. பல நேரம் எரிச்சலாகத்தான் வெளிப்படும். திமிர் என்று நினைத்து அடக்கப் போனால் கதவுக்குத் தாழ்ப்பாளும் சேரும்.

முதலில் உங்களைப் பாருங்கள். தாடை இறுகி, குரல் ஏறியிருக்கிறதா? அப்படியானால் இப்போது பேசாதீர்கள். நான்கு எண்ணி மூச்சை இழுங்கள், ஆறு எண்ணி விடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் செய்தால் படபடப்பு தணியும். பிறகு உங்களையே கேளுங்கள்: எனக்கு வருவது கோபமா, பிள்ளையைப் பற்றிய பயமா, "சொந்தக்காரங்க மார்க் கேட்டா என்ன சொல்றது" என்ற கவலையா? கடைசியாகச் சொன்னது உங்கள் பிரச்சினை. பிள்ளை தலையில் இறக்காதீர்கள்.

பள்ளியிலிருந்து வந்த உடனே ஆரம்பிக்க வேண்டாம். சாப்பிட்டு அரை மணி நேரம் போகட்டும். அப்பாவும் அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்தால் விசாரணைக் கமிஷன்தான். யாராவது ஒருவர் போதும். முகத்துக்கு நேரே இல்லாமல் பக்கவாட்டில் இருந்தால் பிள்ளைகளுக்குப் பேச வரும். மாடியில் துணி மடிக்கும்போது, கடைக்கு நடந்து போகும்போது பேசிப் பாருங்கள். உங்கள் செல்போன் வீட்டிலேயே இருக்கட்டும்.

"ஏன் இப்படி இருக்க?" என்று தொடங்காதீர்கள். அந்த "ஏன்" குற்றச்சாட்டாகத்தான் காதில் விழும். கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள்: "மூணு நாளா ராத்திரி சரியா சாப்பிடல. ஷட்டில் ஆடவும் போகல. மனசுல ஏதோ ஓடுதுன்னு தோணுது." சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் தோற்பது இங்கேதான். ஐந்து விநாடி மௌனத்தைத் தாங்க முடியாமல் அறிவுரையைத் தொடங்கிவிடுவார்கள்.

பதில் பெரும்பாலும் "ஒண்ணுமில்ல, கடுப்பா இருக்கு" என்றுதான் வரும். அதற்குள் என்ன இருக்கிறது என்று மெதுவாகத் துழாவ வேண்டும்.

"மார்க் போனதா?"

"அதில்லம்மா. எல்லார் முன்னாடியும் பேப்பரை எடுத்துக் காட்டினாங்க."

"அசிங்கமாப் போச்சு, இல்ல?"

"ம்."

அந்த "ம்" வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஊகம் தவறினாலும் நட்டமில்லை; கேள்வியாகக் கேட்டால் பிள்ளையே திருத்தும். உணர்வுக்குச் சரியான பெயர் கிடைக்கும்போது அதன் வேகம் குறையும், செய்ய வேண்டியதும் தெளிவாகும். அவமானம் என்றால் ஆசிரியரிடம் தனியாகப் பேசலாம், பிள்ளையைக் கேட்ட பிறகு. பயம் என்றால் தகவல் உதவும்: பிளஸ் டூவில் ஒரு பாடம் போனாலும் அதே ஆண்டில் துணைத் தேர்வு எழுதிக் கல்லூரியில் சேரலாம். வெறும் ஏமாற்றம் என்றால் கூட இருந்தாலே போதும்.

"இதுக்கெல்லாமா அழுவாங்க", "நாங்கல்லாம் தெருவிளக்குல படிச்சோம்", பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க், இந்த மூன்றும் பேச்சை அங்கேயே முடித்துவிடும். நீங்களே உடைந்து அழுதால் அடுத்த முறை உங்களுக்காகவே பிள்ளை மறைக்கும். சொன்னதை அன்றிரவே சித்தியிடம் போனில் ஒப்பித்தாலும் அப்படித்தான். யோசனை சொல்லும் முன் கேளுங்கள்: "நான் கேட்டுக்கிட்டா போதுமா, ஏதாவது செய்யணுமா?"

தூக்கத்தையும் பாருங்கள். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தேவை. உடம்பே தாமதமாகத்தான் தூங்கச் சொல்லும். விடிகாலை நான்கு மணிக்கு எழுப்பிப் படிக்க வைக்கும் வீட்டில் எரிச்சலுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே நீடித்தால், பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போனால், கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுத்தால் (கையில் தானே கீறிக்கொண்ட காயத்தை மறைப்பதாக இருக்கலாம்) வீட்டுப் பேச்சோடு நிறுத்தாதீர்கள். "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, எலிமருந்து, மாத்திரை எல்லாவற்றையும் வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்ற வாக்கு இங்கே செல்லாது; அதைப் பிள்ளையிடமே சொல்லிவிடுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். உடனடி ஆபத்து என்றால் 108.

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகும்போது தூக்கம், சாப்பாடு, பள்ளிக்குப் போகாத நாட்கள் ஆகியவற்றைத் தேதியோடு எழுதி எடுத்துப் போங்கள். கொஞ்ச நேரமாவது பிள்ளை மருத்துவரிடம் தனியாகப் பேசட்டும். வெளியே வந்ததும் "உள்ள என்ன கேட்டாங்க?" என்று நோண்டாதீர்கள்.