எல்கேஜி போற குழந்தைக்கு வேர்க்கடலை அலர்ஜியா? முதல்ல ஆயாம்மாகிட்ட பேசுங்க

என் பொண்ணுக்கு வேர்க்கடலை ஆகாது. அட்மிஷன் ஃபார்ம்ல எழுதியாச்சு, பிரின்சிபால்கிட்ட சொல்லியாச்சு, மிஸ்ஸும் குறிச்சுகிட்டாங்க, சரி முடிஞ்சுதுன்னு இருந்துட்டேன். மூணாவது வாரம் பக்கத்துல உக்காந்த பையன் டப்பாலருந்து ரெண்டு வாய் இட்லி, வேர்க்கடலை சட்னியோட. உதடு வீங்கி உடம்பெல்லாம் தடிப்பு, நல்லவேளை மூச்சுக்கு ஒண்ணும் ஆகல. அப்புறம் விசாரிச்சா, ஆயாம்மாகிட்ட "கடலை குடுக்காதீங்க"ன்னு மட்டும் யாரோ சொல்லிருக்காங்க, அவங்களும் பாவம் சுண்டலைத்தான் பாத்துப் பாத்து தள்ளி வச்சிருக்காங்க.

நம்ம பாஷையில இது ஒரு வம்பு. கொண்டக்கடலையும் கடலைதான், பொட்டுக்கடலையும் கடலைதான், கடலை மாவுல வேர்க்கடலையே கிடையாது, கடலை மிட்டாய்ல வெல்லத்த விட்டா அது மட்டும்தான். விழுப்புரம் பக்கத்துக்காரங்களுக்கு அது மல்லாட்டை, கோயம்புத்தூர்ல நிலக்கடலை. அதனால வாயால சொல்லாதீங்க, ஒரு கவர்ல நாலு வேர்க்கடலைய போட்டு நல்லா ஒட்டி, குழந்தை இல்லாதப்போ ஆயாம்மாகிட்ட நேர்ல காட்டுங்க. சாப்பாடு டைம்ல பக்கத்துல இருக்கப்போறது அவங்கதான், பிரின்சிபால் இல்ல.

எதுலெல்லாம் இருக்கும்னும் சேத்து சொல்லுங்க: சட்னி, புளியோதரை, எலுமிச்சை சாதம், வீட்டு சத்துமாவு, சிக்கி. மரச்செக்கு கடலெண்ணெய்ல புரோட்டீன் தங்கும், ரீஃபைண்டு மாதிரி நினைச்சுடாதீங்க. பாக்கெட் ஐட்டம்ல என்ன அலர்ஜி பொருள் இருக்குன்னு போடணும்னு எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு அமைப்பு) ரூல் இருக்கு, பொடி எழுத்துல இருந்தாலும் படிச்சுடலாம், பேக்கரில லூஸா வாங்குறதுக்குதான் ஒண்ணுமே தெரியாது. பால் அலர்ஜி குழந்தை வச்சிருக்கவங்க சைவம்னு காட்டுற பச்சை புள்ளிய நம்பி வாங்காதீங்க, பால் இருந்தாலும் அதே பச்சை புள்ளிதான். முட்டைக்கு அது உதவும்.

பர்த்டே சாக்லேட்தான் அடுத்த தலைவலி, வாரத்துக்கு ஒண்ணு வந்துடும். நான் ஒரு சின்ன டப்பால அவளுக்கு ஒத்துக்குற சாக்லேட் நிரப்பி பேர் எழுதி மிஸ்கிட்ட குடுத்து வச்சிருக்கேன், யார் என்ன குடுத்தாலும் அது நேரா பைக்குள்ள, அவளுக்கு டப்பாலருந்து ஒண்ணு. தனியா ஒரு மூலைல உக்கார வைக்கிறதுக்கு மட்டும் நான் ஒத்துக்கல, சாப்பிட்டு முடிச்சதும் எல்லா குழந்தையும் சோப்பு போட்டு கை கழுவினா போதும்னு பேசி வச்சோம். சானிடைசர் கிருமியத்தான் கொல்லும், கடலை ஒட்டினது கையிலயே இருக்கும்.

இப்ப முக்கியமானது. டாக்டர்கிட்ட ஒரு பேப்பர்ல எமர்ஜென்சி பிளான் எழுதி வாங்குங்க, குழந்தை போட்டோ ஒட்டி சாப்பிடுற ரூம்லயே மாட்டுங்க. வெறும் தடிப்புன்னா என்ன மருந்து, மூச்சு இழுத்தா, குரல் மாறினா, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தா, துவண்டு போனா என்ன செய்யணும்னு அதுல பிரிச்சு இருக்கணும். செட்ரிசின் சிரப் அரிப்புக்குதான், மூச்சுப் பிரச்சனைக்கு அட்ரினலின் ஊசி ஒண்ணுதான் மருந்து, தொடையோட வெளிப்பக்கம் நடுவுல போடுறது. வெளிநாட்டுல குடுக்குற பேனா மாதிரி ஊசி இங்க சுலபமா கிடைக்காது, அதனால ஆம்பூலா (மருந்து இருக்குற சின்ன கண்ணாடிக் குப்பி), சிரிஞ்ச்ல அளந்து வச்சதா, யார் போடுவாங்கன்னு டாக்டர்கிட்ட கேட்டு, ஸ்கூல்ல ரெண்டு பேருக்காவது அவர் மூலமா கத்துக்குடுக்க வைங்க. ஊசி பீரோல பூட்டி சாவி ஆபீஸ்ல இருந்தா பிரயோஜனமில்ல. அந்த நேரத்துல குழந்தைய நடக்க வைக்கக்கூடாது, கால தூக்கி படுக்க வைக்கணும், மூச்சு திணறினா உக்கார விடலாம். முதல்ல ஊசி, உடனே 108, அப்புறம்தான் அம்மாவுக்கு போன். ஊசி போட்டு சரியாயிட்டாலும் ஆஸ்பத்திரி போயே ஆகணும், சில மணி நேரம் கழிச்சு திரும்ப வரலாம்.

சின்னதுங்களுக்கு "அலர்ஜி"ன்னு சொல்லத் தெரியாது. "நாக்கு கடிக்குது", "தொண்டைல முடி இருக்கு"ன்னுதான் அதுங்க சொல்லும். இத மிஸ்கிட்ட அப்படியே சொல்லி வைங்க. வேன் அண்ணாகிட்டயும்தான், பாதி தின்பண்டம் கை மாறுறதே வேன்லதான்.

ஊசியோட எக்ஸ்பைரி தேதிய போன்ல அலாரம் வச்சுடுங்க. அதோட ஜூன்ல ஸ்கூல் தொறக்கும்போது ஆயாம்மா மாறியிருந்தா மறுபடி அந்த நாலு கடலையோட கெளம்புங்க.