மலர்ச்சாலை நடத்தப் போகிறீர்களா? பௌத்த வீட்டுக்காரர் வரும்போது கவனிக்க வேண்டியவை

இலங்கையில் மலர்ச்சாலைத் தொழிலுக்கு, அதாவது இறுதிச் சடங்குக்கு வேண்டியதைச் செய்து கொடுக்கும் தொழிலுக்கு, வரும் தமிழ்ப் பெடியன்கள் முதலில் கேட்பது எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும். பெட்டி எங்கே மொத்த விலைக்கு எடுக்கலாம், ஃபோர்மலின் யார் தருவார்கள், பழைய வேன் ஒன்றைப் பிரேத வண்டியாக மாற்ற எவ்வளவு முடியும். இதெல்லாம் கொஞ்ச நாளில் பிடிபட்டுவிடும். விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு சிங்கள பௌத்த வீட்டிலிருந்து கோல் வரும்போது என்ன பேசுவது, மூன்று நாள் கழித்து அதே வீட்டுக்குக் கொடுக்கும் பில்லில் என்ன எழுதுவது என்பதுதான் லேசில் பிடிபடாது. கொழும்பிலோ கண்டியிலோ கடை போட்டால் வாடிக்கையாளர்களில் நிறையப் பேர் பௌத்தர்களாக இருப்பார்கள், அதனால் அவர்கள் வழக்கத்தை வைத்தே சொல்கிறேன்.

முதல் கோலில் நீங்கள் குறைவாகப் பேசுங்கள். யார் பேசுகிறீர்கள், எங்கே இருக்கிறீர்கள், ஆஸ்பத்திரியிலா வீட்டிலா, இவ்வளவு போதும். ஆஸ்பத்திரி என்றால் பதிவுக்கு வேண்டிய படிவம் அங்கேயே கிடைக்கும். வீட்டில் நடந்த மரணம் என்றால் கிராம உத்தியோகத்தரிடம் போக வேண்டும், வைத்தியர் எழுதித் தர வேண்டும், அந்த வீட்டில் அலைய ஒரு ஆள் இல்லையென்றால் உங்கள் ஆளையே கூட அனுப்பிவிடுங்கள். விபத்தோ தற்கொலையோ என்றால் திடீர் மரண விசாரணை அதிகாரி தன் வேலையை முடித்து உடலை ஒப்படைக்கும்வரை நீங்கள் எதையும் தொடக்கூடாது. எப்படி நடந்தது என்று கேட்காதீர்கள். உங்களுக்குத் தெரிய வேண்டிய அளவு பேப்பரில் இருக்கும், மிச்சத்தை அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

உடலைப் பதப்படுத்தக் கை வைப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு, பல இடங்களில் அதைக் கேட்பதே இல்லை: கண் தானத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தாரா? டாக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய இலங்கை கண்தான சங்கம் உள்ளூருக்கு மட்டுமல்லாமல் எத்தனையோ நாடுகளுக்குக் கருவிழி அனுப்பியிருக்கிறது. பௌத்தர்களுக்குக் கண்ணைக் கொடுப்பது தானங்களில் பெரிய தானம். ஆனால் எடுப்பதற்கு இருப்பது சில மணி நேரந்தான், அந்த நேரத்தில் வீட்டுக்காரருக்கு ஒன்றுமே நினைவில் இருக்காது. ஒரு வாரம் கழித்து அலுமாரியில் அந்த அட்டையைக் கண்டெடுத்து, "அப்பா ஆசைப்பட்டது நடக்காமல் போச்சே" என்று ஒரு மகள் அழுவதை உங்களுடைய ஒரு கேள்வி தடுத்துவிடும்.

இனி காசு. இரக்கம் என்றால் பலருக்கும் தாழ்ந்த குரலும் வெள்ளைச் சட்டையுந்தான் ஞாபகத்துக்கு வரும். எனக்கென்றால் பில்லைக் காட்டினால் போதும், அந்த மலர்ச்சாலையில் இரக்கம் இருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். புத்தர் உபாசகர்கள் செய்யக்கூடாத வியாபாரம் என்று ஐந்தைச் சொன்னார்: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, போதை, நஞ்சு. நம் தொழில் அதில் இல்லை, சந்தோஷம். ஆனால் மகாசத்தாரீசக சூத்திரத்தில் தவறான பிழைப்பு எது என்று இன்னொரு பட்டியல் இருக்கிறது: ஏமாற்றுவது, நைச்சியமாகப் பேசி இழுப்பது, சாடைகாட்டி வாங்குவது, மட்டம் தட்டுவது, லாபத்தை வைத்து மேலும் லாபம் தேடுவது. பிக்குகளை மனதில் வைத்துச் சொன்னதுதான். இருந்தாலும் அதை வாசித்துவிட்டு ஒரு சவப்பெட்டிக் கடைக்குள் போய்ப் பாருங்கள். மலிவான பெட்டியைக் கதவுக்குப் பின்னால் தூசியோடு வைத்திருப்பது சாடை. "அம்மாவுக்கு இதையா எடுக்கிறீங்க?" என்பது மட்டம் தட்டல். அழுது வீங்கிய கண்ணோடு நிற்கும் மகனிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும், அவன் கடன் வாங்கியாவது தேக்குப் பெட்டியைக் காட்டுவான். அதனால்தான் அதைக் கேட்கக்கூடாது.

என் ஆலோசனை, எல்லாப் பெட்டியையும் ஒரே வெளிச்சத்தில், விலை ஒட்டி, மலிவானதை முன்னால் வையுங்கள். பெட்டியின் விலைக்கும் போனவரின் அடுத்த பிறப்புக்கும் சம்பந்தமில்லை என்று பௌத்த வீட்டுக்காரருக்கு நீங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை, அவர்களுக்கே தெரியும். அதை மறக்க வைக்காமல் இருந்தால் சரி. 2021இல் கொரோனா மரணங்கள் கூடிய நேரத்தில் தெஹிவளை-கல்கிசை மாநகர சபை கடதாசி அட்டையில் செய்த பெட்டிகளைக் கொண்டு வந்தபோது, மரப்பெட்டி பல்லாயிரம் ரூபாயாக இருந்த இடத்தில் அது 4,500 ரூபாய்க்குக் கிடைத்தது. தகனத்துக்கு அது தாராளமாகப் போதும். கேட்பவர்களுக்குக் காட்ட ஒன்றாவது வைத்திருங்கள்.

மதிப்பீட்டை முதல் நாளே எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னால் அவர்கள் தலையில் ஏறாது. உங்களுக்கு வரும் காசு ஒரு பக்கம், நீங்கள் வாங்கி மற்றவர்களுக்குக் கட்டும் காசு, அதாவது தகனசாலைக் கட்டணம், பத்திரிகை அறிவித்தல், பேனர் எல்லாம் இன்னொரு பக்கம். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி ஒரு மொத்தத் தொகை போடும் பழக்கத்தில்தான் நம் தொழிலுக்குக் கெட்ட பெயர் வந்தது. அப்புறம், அநேகமாக எல்லாச் சிங்களக் கிராமத்திலும் ஒரு மரணாதார சமிதி, அதாவது மரண உதவிச் சங்கம், இருக்கும். மாதாமாதம் சந்தா கட்டியிருப்பார்கள். கதிரை, கூடாரம், கொஞ்சம் காசு, வேலைக்கு ஆட்கள் எல்லாம் அங்கிருந்து வரும். "உங்கள் சமிதிக்குச் சொல்லியாச்சா?" என்று நீங்களே கேளுங்கள். கதிரை வாடகை உங்கள் கையைவிட்டுப் போகத்தான் செய்யும், போகட்டும், அந்தச் சமிதிக்காரர்தான் அடுத்த முறை உங்கள் நம்பரைக் கொடுக்கப்போகிறவர்.

இன்னொரு சின்ன விஷயம். பில் அடிக்கும் சொஃப்ட்வேர் அடியில் "நன்றி, மீண்டும் வருக" என்று தானாகப் போட்டுவிடும். முதல் நாளே அதை அழித்துவிடுங்கள்.

வீட்டில் உடல் வைக்கும்போது உங்கள் பெடியன்கள் நிறைய ஒன்றும் புதிதாகப் படிக்க வேண்டியதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றுவது, போகும்போது சொல்லிக்கொள்ளாமல் போவது, இதெல்லாம் நம் செத்த வீட்டு வழக்கமும்தான். அந்த வீட்டில் அடுப்பு எரியாது, அயலார் சாப்பாடு கொண்டு வருவார்கள், உங்கள் ஆட்களுக்கும் ஒரு பார்சல் நீட்டுவார்கள், மறுக்க வேண்டாம். இரவு முழுக்க உடலைத் தனியே விடமாட்டார்கள், வெளியில் கூடாரத்துக்குள் விடியும்வரை கடதாசி விளையாட்டு நடக்கும். அதைப் பார்த்து இவர்களுக்குத் துக்கமே இல்லையா என்று நினைக்காதீர்கள், விழித்திருக்க அதுதான் வழி. கூடாரத்துக்கு ஒரு நல்ல பல்ப் கூடுதலாகப் போட்டுக் கொடுங்கள். பேனரில் போடும் வாசகத்தை அவர்கள் வீட்டு ஆளே எழுதித் தரட்டும். நம் பழக்கத்தில் "ஆத்மா சாந்தியடைய" என்று போட்டுவிடாதீர்கள், பௌத்தத்தில் ஆத்மாவே கிடையாது. அவர்கள் நிர்வாண சுகம், அதாவது பிறவியறுந்த விடுதலையின் சுகம், கிடைக்கட்டும் என்றுதான் போடுவார்கள்.

பன்சலைக்கு, அதாவது பௌத்த விகாரைக்கு, போய் வெற்றிலை கொடுத்து ஹாமதுருமாரை, அதாவது பிக்குகளை, அழைப்பது குடும்பத்தின் வேலை. அதில் நீங்கள் புகுந்து உங்களுக்குத் தெரிந்த பிக்குவைக் கொண்டு வராதீர்கள். பிறந்ததிலிருந்து அந்த வீட்டோடு பழகிய ஹாமதுரு வந்து இரண்டு வசனம் சொல்வதும், முகம் தெரியாத ஒருவர் வந்து அரை மணி நேரம் பேசுவதும் ஒன்றாகாது. வாகனம் வேண்டுமா என்று மட்டும் கேளுங்கள். ஆசனத்துக்கு வெள்ளைத் துணி விரித்திருக்கிறதா, மற்றவர்கள் இருப்பதைவிட உயரமாக இருக்கிறதா என்று அவர்கள் வருவதற்கு முன் நீங்களே ஒருமுறை பாருங்கள், அந்த நேரத்தில் வீட்டுக்காரருக்கு அது கண்ணில் படாது.

நீங்கள் உண்மையில் கெட்டிக்காரரா என்று தெரிவது பாங்சகூலம் என்ற துணி கொடுக்கும் சடங்கின் நேரத்தில்தான். உடலை வெளியே எடுப்பதற்கு முன்போ மயானத்திலோ இது நடக்கும். மதக வஸ்திரம் என்ற வெள்ளைத் துணியைப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து பிடித்துப் பிக்குகளுக்குக் கொடுப்பார்கள், எல்லாம் நிலையாதவை என்ற பாலிப் பாட்டைப் பிக்குகள் ஓதுவார்கள். அதன் பிறகு நெருங்கிய சொந்தங்கள் பாயில் உட்கார்ந்து, ஒரு கூஜாவைச் சேர்ந்து பிடித்து, தட்டில் வைத்த கோப்பைக்குள் தண்ணீர் ஊற்றுவார்கள். கோப்பை நிறைந்து தட்டில் வழியும். மேட்டில் பெய்த மழை பள்ளத்துக்கு ஓடுவதுபோல இங்கே கொடுத்தது போனவரைச் சேரட்டும், நிறைந்த ஆறுகள் கடலை நிரப்புவதுபோல நிரம்பட்டும் என்று ஓதுவார்கள், குத்தகபாடத்தில் உள்ள திரோகுட்ட சூத்திர வரிகள் அவை. இதற்கு நீங்கள் கொடுக்கும் சாமானில்தான் விஷயம் இருக்கிறது. கூஜாவின் மூக்கு அகலமாக இருந்தால் பாட்டுப் பாதியில் இருக்கும்போதே தண்ணீர் தீர்ந்துவிடும், எல்லோரும் வெறும் கூஜாவைச் சரித்துப் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். கோப்பை பெரிதாக இருந்தால் வழியவே வழியாது. தட்டு ஆழமில்லாவிட்டால் தண்ணீர் பாயில் ஓடி வயதான அம்மாவின் வெள்ளைச் சேலை நனையும். ஆகவே மூக்கு ஒடுங்கிய கூஜா, சின்னக் கோப்பை, ஆழமான தட்டு. கடையில் வைத்து ஊற்றிப் பாருங்கள், சன்னமாக ஊற்றினால் ஓதி முடியும்வரை வர வேண்டும். பின்னால் நிற்கும் சின்னப் பிள்ளைகளை முன்னால் வரச் சொல்லி, முன்னால் இருப்பவரின் தோளையோ கையையோ தொட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த வேளையில் உங்கள் ஆள் ஒருவன் வண்டியை ஸ்டார்ட் செய்தால் அன்றைக்கே அவனிடம் பேச வேண்டியிருக்கும்.

ஆறுதல் சொல்லும் விஷயத்தில் என் கருத்துக் கொஞ்சம் கடுமை. செத்த பிள்ளையை எழுப்ப, சாவே விழாத வீட்டுக் கடுகு கேட்டு வீடு வீடாகப் போன கிசா கோதமியின் கதையை எங்கேயோ வாசித்துவிட்டு, பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய்ச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கதையைச் சொல்ல வேண்டியவர் ஹாமதுரு, அவரும் நேரம் பார்த்துத்தான் சொல்வார். நீங்கள் "எத்தனை மணிக்கு எடுக்கிறோம், யார் எந்த வண்டியில்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, அம்மாவுக்கு ஒரு பிளேன்டீ கொடுக்கச் சொல்லுங்கள்.

மரணச் சடங்கோடு வேலை முடியாது. ஆறாம் நாள் இரவு பிக்குவின் தர்ம உபதேசம், ஏழாம் நாள் தானம், பிறகு மூன்று மாதம், ஒரு வருடம் என்று போகும். பிக்குகள் நண்பகலுக்குப் பிறகு சாப்பிடமாட்டார்கள், அதனால் தானத்துக்குச் சாமான் ஏற்றும் உங்கள் லொறி பத்து மணிக்கு வந்து நின்றால் பிரயோசனமில்லை, முதல் நாள் மாலையே இறக்கிவிடுங்கள். அட்டபிரிகர விற்பதாக இருந்தால், அதாவது மூன்று காவி, பாத்திரம், இடைக்கச்சு, சவரக்கத்தி, ஊசி, நீர்வடி என்ற எட்டும், பிக்கு உண்மையில் உடுத்தக்கூடிய காவியாக இருக்கட்டும். கடைகளில் பளபளவென்று கட்டி வைத்திருக்கும் பல பொதிகளுக்குள் இருப்பது இடுப்புக்கே காணாத துணி, அதைப் பன்சலையில் அடுக்கி வைப்பதைத் தவிர வேறு ஒன்றும் செய்ய முடியாது. வீட்டுக்காரரிடம், "வாங்குவதற்கு முன்னால் பெரிய ஹாமதுருவிடம் பன்சலைக்கு என்ன தேவை என்று கேளுங்கள்" என்று சொல்லுங்கள். பெட்ஷீட் என்பார், பல்ப் என்பார், சிலவேளை மருந்து என்பார். உங்கள் விற்பனை குறையும்.

ஏழு நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்று கேட்டால் நீங்கள் பதில் சொல்லாமல் பன்சலைக்கே அனுப்புங்கள். மூன்று மாதத் தானத்துக்கு ஞாபகப்படுத்தவா என்று ஒருமுறை கேளுங்கள், வேண்டும் என்றவர்களின் பெயரை மட்டும் கொப்பியில் எழுதுங்கள், அந்த நாளுக்கு இரண்டு வாரம் முன்னால் மெசேஜ் போடாமல் கோல் எடுங்கள்.