மேற்கத்தியச் சேணம்: எந்த வாரை முதலில் கட்டுவது?

அமெரிக்க மேற்குப் பகுதியின் மாட்டுப் பண்ணைகளில் உருவான கௌபாய் சேணங்கள் பலவற்றில் இரண்டு வயிற்றுவார்கள் உண்டு. கயிறு வீசிப் பிடித்த மாட்டின் இழுவை சேணத்தின் முன்கொம்பில் (கயிற்றைச் சுற்றும் முன்பக்க முளையில்) விழும்போது, சேணத்தின் பின்புறம் மேலே எழும்பாமல் காப்பது பின்வார். சேணம் பூட்டும்போது முன்வாரையே முதலில் கட்ட வேண்டும். கழற்றும்போது பின்வாரையே முதலில் அவிழ்க்க வேண்டும். இந்த வரிசை மாறி, பின்வார் மட்டும் மாட்டியிருக்கும் நேரத்தில் குதிரை மிரண்டால், சேணம் வயிற்றுக்கடியில் புரண்டு தொங்க, அது துள்ளி உதைக்கத் தொடங்கிவிடும்.

முன்வாரையும் ஒரேயடியாக இறுக்க வேண்டாம். பல குதிரைகள் அந்நேரத்தில் உடலை விறைத்து உப்பிக்கொள்ளும். அது பிடிவாதம் அன்று, பெரும்பாலும் முன்பு வெடுக்கென்று இறுக்கியவர்களின் கைவண்ணம். ஆகவே சிறிது இறுக்கி, சில அடிகள் நடத்தி, மீண்டும் இறுக்கி, ஏறுவதற்கு முன் இன்னொரு முறை சரிபார்க்கவும். பின்வார் வயிற்றைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் போதும். மிகத் தளர்ந்து தொங்கினால் பின்னங்கால் அதில் சிக்கக்கூடும். இரு வார்களையும் வயிற்றடியில் இணைக்கும் சிறு பட்டையைப் பலர் மறந்துவிடுகிறார்கள்; அது இல்லையெனில் பின்வார் தொடைப்பக்கமாக நழுவி, சாதுவான குதிரையையும் துள்ளவைக்கும்.