சிங்கத்தை டிராகன் என்று சொல்லிவிடாதீர்கள்

சீனப் புத்தாண்டு வந்தால் போதும், சிங்க நடனப் படத்தைப் பகிர்ந்து அடியில் ‘டிராகன் நடனம்’ என்று எழுதிவிடுகிறார்கள். தலையை மட்டும் பார்த்தால் குழப்பம் வரத்தான் செய்யும். இரண்டுக்குமே உருட்டு விழி, பெரிய வாய். அதனால் கால்களைப் பாருங்கள். துணிக்குள் இரண்டே பேர் இருந்து, ஒருவர் தலையையும் மற்றவர் முதுகையும் ஆட்டினால் சிங்கம். ஆட்கள் வெளியே தெரிய, வரிசையாகக் கோல் பிடித்து நீண்ட உடலைத் தூக்கிக்கொண்டு ஓடினால் டிராகன். அதற்கு முன்னால் ஒருவர் கோல் நுனியில் ஓர் உருண்டையுடன் ஓடுவார். அது முத்து, டிராகன் அதைத்தான் துரத்துகிறது.

“இது சிங்கம் மாதிரியே இல்லையே” என்பது அடுத்த தவறு. சீனாவில் காட்டுச் சிங்கம் கிடையாது. பட்டுப்பாதை வழியாக அரசர்களுக்குப் பரிசாக வந்த விலங்கு அது. பெரும்பாலான கைவினைஞர்கள் நேரில் பார்த்ததே இல்லை, கற்பனையில் செய்தார்கள். வடக்குச் சிங்கத்துக்கு உடல் முழுக்கச் சடைமுடி. தென்சீனாவின் குவாங்டோங் பக்கத்துத் தெற்குச் சிங்கத்துக்கோ தலையில் ஒரு கொம்பு, நெற்றியில் தீயதை விரட்டும் கண்ணாடி. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாம் அதிகம் பார்ப்பது இந்தத் தெற்கு வகைதான்.

அந்தக் கொம்பைப் பார்த்துவிட்டு, “ஓ, இதுதான் நியென்” என்பார்கள் சிலர். ஆண்டு முடிவில் ஊருக்குள் வந்து மனிதரைத் தின்னும் நியென், சிவப்பு நிறத்துக்கும் நெருப்புக்கும் வெடிச்சத்தத்துக்கும் பயந்து ஓடும் என்பது கதை. அதை விரட்டியதே சிங்கம்தான் என்றும் ஒரு கதை உண்டு. அப்படிப் பார்த்தால், சிங்கத்தை நியென் என்பது காவல்காரனைத் திருடன் என்பது போலத்தான்.

டிராகன் என்றதும் நெருப்பு கக்கும், சிறகடிக்கும் என்று எழுதுவது ஐரோப்பியக் கதைகளின் பாதிப்பு. சீன டிராகன் நீரின் அதிபதி, மழை தருவது. பொதுவாகச் சிறகும் இருக்காது. ஹாங்காங்கின் தாய் ஹாங்கில் 1880-ல் கொள்ளைநோயை விரட்ட ஆடத் தொடங்கிய ‘நெருப்பு டிராகன்’ கூட நெருப்பைக் கக்காது. சுமார் 67 மீட்டர் நீள உடல் முழுக்க ஊதுவத்தி செருகியிருப்பார்கள், அவ்வளவுதான். அது ஆடுவதும் புத்தாண்டுக்கு அல்ல, நிலாத் திருவிழாவுக்கு.

சரி, காலைப் பார்த்தே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடலாமா? முடியாது. ஹாக்கா என்னும் சீனப் பிரிவினர் ஆடும் சிலின் நடனத்திலும் உள்ளே இரண்டே பேர்தான். ஆகவே அதையும் சிங்கம் என்றே நினைத்துவிடுவார்கள். சிலின் ஒரு புராண விலங்கு. அதற்கு டிராகன் சாயலில் முகம், உடலில் செதில், கொம்பு. புல்லைக்கூட மிதிக்காத சாது என்பார்கள். 1414-ல் வங்காளத்திலிருந்து சீனாவின் யோங்லெ பேரரசருக்கு ஓர் ஒட்டகச்சிவிங்கி பரிசாகப் போனபோது, அரசவை அதையே சிலின் என்று கொண்டாடியது! சிலினை ஒற்றைக்கொம்புக் குதிரை என்று மொழிபெயர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பல சித்திரங்களில் கொம்பு இரண்டு.

அப்புறம், நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு: புதுச் சிங்கத்தின் கண்ணில் சிவப்புப் பொட்டு வைத்து ‘உயிர்’ கொடுக்கும் சடங்கு முடியும்வரை அதைத் தொட வேண்டாம். அங்பாவ் (சிவப்பு உறையில் வைத்த அன்பளிப்புப் பணம்) கொடுப்பதானால் சிங்கத்தின் வாயில் கொடுங்கள், உள்ளே இருப்பவர் வாங்கிக்கொள்வார். தலையைத் தூக்கி, ஆள் யார் என்று மட்டும் பார்க்காதீர்கள்.