பீப் ஒலி மட்டும் போதாது: விமான வயர் ஹார்னெஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மல்டிமீட்டர் பீப் என்று ஒலித்ததும் இணைப்பு சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டுவதே விமான வயர் ஹார்னெஸ் (பல வயர்களைச் சேர்த்துக் கனெக்டர்களோடு அமைத்த கட்டு) வேலையில் முதல் தவறு. 19 செப்பு இழைகள் உள்ள வயரில் 18 இழைகள் அறுந்து ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தாலும் அந்த ஒலி வரத்தான் செய்யும். அளவு பொருந்தாத ஸ்ட்ரிப்பரால் தோலைச் சீவும்போது இழைகளில் விழும் கீறல், கிரிம்ப் செய்ததும், அதாவது கனெக்டர் ஊசியின் (pin) குழலை வயர்மேல் நசுக்கி இறுக்கியதும், அந்தக் குழலுக்குள் மறைந்துவிடுகிறது. பிறகு அதிர்வு அந்தக் கீறலில் ஒவ்வோர் இழையாக முறிக்கிறது. எனவே சீவிய முனையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்த பிறகே கிரிம்ப் கருவியைக் கையில் எடுக்க வேண்டும்.

இன்சுலேஷன் விஷயத்தில் எடை குறைவு ஒன்றையே பார்த்துத் தேர்வு செய்வது அடுத்த தவறு. மெல்லியதும் வெப்பம் தாங்குவதுமான கேப்டன் (Kapton) என்ற பிளாஸ்டிக் படலம் ஒரு காலத்தில் பரவலாகப் பயன்பட்டது. ஆனால் அதில் மின்பொறி எழுந்தால் அந்த இடம் கரியாகி, கரி மின்சாரத்தைக் கடத்தி, பொறி கட்டு நெடுக ஓடக்கூடும். சர்க்யூட் பிரேக்கர் காப்பாற்றிவிடும் என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. 1998 செப்டம்பரில் கனடாவின் கடலோரத்தில் விழுந்து 229 உயிர்களைப் பறித்த சுவிஸ்ஏர் 111 விபத்தில், வயரில் எழுந்த மின்பொறியிலிருந்தே தீ தொடங்கியிருக்க வேண்டும் என்று விசாரணை கூறியது. விட்டுவிட்டு எழும் பொறிகள் எல்லாவற்றையும் அக்காலப் பிரேக்கர்களால் உணர முடியாது என்பதையும் அது சுட்டிக்காட்டியது.

வடிவமைப்பில், வளைவுகள் எவ்வளவு நீளத்தை விழுங்கும் என்பதைக் கணினித் திரை எப்போதும் சரியாகச் சொல்லும் என்று நம்பிவிடக் கூடாது. ஏர்பஸ் நிறுவனத்தின் ஹாம்பர்க் (ஜெர்மனி), துலூஸ் (பிரான்ஸ்) பிரிவுகள் ஒரே மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளில் வரைந்ததன் விளைவாக, அதன் ஏ380 விமானத்துக்கான ஹார்னெஸ்கள் பொருத்தும்போது நீளம் போதாமல் நின்றன. 2006-இல் அந்தத் திட்டம் தாமதமானதற்கு அதுவே பெருங்காரணம். நீளம் போதவில்லை என்று இழுத்துப் பொருத்துவதும், கட்டிலுள்ள மிகத் தடித்த வயரின் விட்டத்தைப் போல் 10 மடங்குக்கும் குறைவான ஆரத்தில் வளைப்பதும் கூடாது. கட்டின் நடுவிலுள்ள வயருக்கு வெப்பம் வெளியேற வழியில்லை, உயரத்தில் காற்றும் மெலிந்துவிடும் என்பதால், தனி வயருக்குரிய ஆம்பியர் அளவை அப்படியே எடுத்துக்கொள்வதும் பிழையே.

எரிபொருள் குழாய்க்குக் கீழே ஹார்னெஸைக் கொண்டுசெல்வது, கனெக்டருக்கு முன் நீர் சொட்டிவிழத் தாழ்வான வளையம் விடாதது, ஹார்னெஸை மூடாமல் அதன் மேலே துளையிடுவது ஆகியவை அன்றாடம் நடக்கும் தவறுகள். துளையிடும்போது உதிரும் அலுமினியச் சுருள் கட்டுக்குள் புகுந்து, உராய்ந்து உராய்ந்து இன்சுலேஷனை அறுக்கும்.

இன்சுலேஷன் வழியே மின்சாரம் கசிகிறதா என்று உயர் வோல்ட் கொடுத்துப் பார்க்கும் மெக்கர் கருவியின் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. விரிசல் விட்ட இன்சுலேஷன் காய்ந்திருக்கும்வரை, 500 வோல்ட் கொடுத்தாலும் நல்ல அளவீட்டையே காட்டக்கூடும். ஈரம் படிந்த பிறகே அது கசியத் தொடங்கும். மேசையில் தேறிய ஹார்னெஸ், விமானத்துக்குள் இழுத்துப் பொருத்தப்படும்போது அடிபட்டிருக்கலாம் என்பதால், பொருத்திய பிறகும் அதே சோதனையைச் செய்ய வேண்டும்; அப்போது மின்னணுக் கருவிகளின் கனெக்டர்களைக் கழற்றாமல் மெக்கரை அழுத்தினால், அந்த 500 வோல்ட் நேரே கருவிக்குள் போய்விடும்.