தாழ்த்திய காரின் டயர் உட்புறம் தேய்ந்தால் செய்ய வேண்டியவை

ஸ்பிரிங்கை மாற்றிக் காரைத் தாழ்த்தும்போது சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சாய்வதோடு, மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் டோ எனப்படும் கோணமும் பெரும்பாலும் மாறிவிடுகிறது. கேம்பர் எனப்படும் அந்தச் சாய்வையே பலர் குறை கூறினாலும், டயரை விரைவாகத் தின்பது பெரும்பாலும் டோதான். ஏனெனில் அது சக்கரத்தை ஒவ்வொரு சுற்றிலும் சற்றே பக்கவாட்டில் இழுத்துச் செல்கிறது.

முதலில் டயரின் மேற்பரப்பைக் குறுக்காகக் கையால் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் கூர்மையாகவும் பட்டால் டோ பிழையாக உள்ளது. உள்விளிம்பு மட்டும் சீராகத் தேய்ந்திருந்தால் கேம்பர் மிகையாக உள்ளது. முன்டயர்களின் உள்விளிம்பு கண்ணுக்கு எளிதில் தெரியாது என்பதால், ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பிவைத்தே பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் டயர்ப் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.

காக்கி புக்கிட், சின் மிங் போன்ற இடங்களிலுள்ள பட்டறைக்குச் செல்லுமுன் காற்றழுத்தத்தைச் சரிசெய்யுங்கள். சக்கரத்தைத் தாங்கும் இணைப்புகளான புஷ், பால் ஜாயின்ட் தேய்ந்திருந்தால், அவற்றை மாற்றாமல் அலைன்மென்ட், அதாவது சக்கரக் கோணச் சீரமைப்பு, செய்வது பணத்தை வீணாக்கும். புதிய ஸ்பிரிங் சில நாள் ஓட்டத்தில் படிந்த பிறகு, பின்சக்கரங்களை முதலிலும் முன்சக்கரங்களை அடுத்தும், கேம்பரை முதலிலும் டோவை இறுதியிலும் சரிசெய்யச் சொல்லுங்கள். கேம்பரைத் திருத்த வழியில்லாத காருக்குத் தனியாகக் கேம்பர் போல்ட் தேவைப்படலாம். சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுத்தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.