தண்ணீர் பின்வழியாகத்தான் வரும்: வண்டி வயருக்கு நீர்புகா கனெக்டர் கோப்பது எப்படி

பர்மாவில், எங்கள் மோல்மீனில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சென்னையில் ஆண்டு முழுக்கப் பெய்வது சுமார் 1,400 மில்லிமீட்டர். இங்கே 4,500-ஐத் தாண்டும், அதில் பெரும்பகுதி ஜூனுக்கும் செப்டம்பருக்கும் நடுவிலேயே கொட்டிவிடும். அதற்கு முன்னால் சித்திரைப் பிறப்போடு சேர்ந்தே திஞ்சான், அதாவது பர்மியர்களின் தண்ணீர்த் திருவிழா, வந்துவிடுகிறது. போகிற வருகிற வண்டிகள்மீதெல்லாம் குழாயால் பீச்சுகிறார்கள். மழை மேலிருந்து விழும். திஞ்சான் தண்ணீர் பக்கத்திலிருந்தும் கீழிருந்தும் வரும். அதனால் வயர் வேலை எதுவானாலும் பங்குனிக்குள் முடித்துவிடுங்கள்.

போன வருஷம் ஆடியில் மாமாவின் தோன்பெய்ன், அதாவது மூன்று சக்கர சரக்கு வண்டி, என்னிடம் வந்தது. ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு தட்டோன் சாலையில் இரவில் வந்திருக்கிறார். பிரேக் பிடித்தபோது பின்விளக்கு எரியவில்லை, பின்னால் வந்த லாரி உரசாமல் போனது அவர் நல்ல நேரம். பல்பைக் கழற்றிப் பார்த்தேன், பல்பு நன்றாகத்தான் இருந்தது. வயர் இணைப்பின் மேல் கறுப்பு டேப் நான்கு சுற்று. இரண்டு வருஷத்துக்கு முன் நான் சுற்றியது. பிரித்ததும் உள்ளேயிருந்து தண்ணீர் சொட்டியது. இணைப்பு முழுக்கப் பச்சைப் பொடி. வயரை ஒரு விரல் நீளம் வெட்டினேன், உள்ளே செம்பு கறுத்திருந்தது. இன்னொரு விரல் வெட்டினேன், அங்கேயும் கறுப்பு. ஒரு சாண் வெட்டிய பிறகுதான் செம்பு அதன் நிறத்தில் தெரிந்தது.

டேப் தண்ணீரைத் தடுக்காது. உள்ளே போன தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துத்தான் வைக்கும். அதனால் இப்போது பின்விளக்கு வயர் என்றால் நீர்புகா கனெக்டர்தான் போடுகிறேன், அதாவது இரண்டு பாதியாகப் பிரித்துச் சேர்க்கக்கூடிய, ரப்பர் சீல் வைத்த பிளாஸ்டிக் இணைப்பு. அதைக் கோப்பதை முதல் தடவை செய்கிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது

இரண்டு பாதியும் சேருகிற வாயில்தான் தண்ணீர் புகும் என்று எல்லோரும் நினைக்கிறோம். அங்கே ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது, அது பெரும்பாலும் தன் வேலையைச் செய்துவிடும். நான் பிரித்துப் பார்த்தவற்றில் அதிகமும் பின்பக்கம், வயர் நுழைகிற துளை வழியாகத்தான் தண்ணீர் போயிருந்தது.

காரணம் இதுதான். வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் கனெக்டருக்குள் இருக்கும் காற்று சூடாகி விரிகிறது. திடீரென்று மழைத் தண்ணீர் பட்டால் அந்தக் காற்று சுருங்கும், உள்ளே உறிஞ்சும் விசை உண்டாகும். வயருக்கும் சீலுக்கும் இடையில் முடி அளவு இடைவெளி இருந்தாலும் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்புறம் அது செம்பு இழைகளுக்கு நடுவில், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறும். ஒரு சாண் கறுத்திருந்தது அப்படித்தான்.

ஆக இந்த வேலையில் முக்கியமான பொருள் வயரைக் கவ்வுகிற அந்தச் சின்ன ரப்பர் சீல். பிளாஸ்டிக் உடம்பு இரண்டாம் பட்சம்.

என்ன வாங்குவது

பைக்குக்கும் தோன்பெய்னுக்கும் நான் பயன்படுத்துவது சூப்பர்சீல் 1.5 வகை. உள்ளே இருக்கும் உலோகப் பின்னின் அகலம் 1.5 மில்லிமீட்டர், அதனால் அந்தப் பெயர். ஒரு பின் முதல் ஆறு பின் வரை பெட்டிப் பெட்டியாகக் கிடைக்கிறது. பின்விளக்குக்கு எர்த், சின்ன விளக்கு, பிரேக் என்று மூன்று வயர், எனவே மூன்று பின் போதும். சுமைக்குக் கவலையே வேண்டாம். 12 வோல்ட்டில் 21 வாட் பிரேக் பல்பு இழுப்பது 1.75 ஆம்பியர்தான், 55 வாட் ஹெட்லைட் கூட 4.6 ஆம்பியர். ஸ்டார்ட்டர் மோட்டார் வயருக்கு மட்டும் இதை எக்காரணம் கொண்டும் போடாதீர்கள், அது வேறு உலகம்.

பெட்டியில் ஐபி67 என்று போட்டிருக்கும். 6 என்றால் தூசி நுழையாது, 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். வாட்டர் சர்வீஸ் கடையில் பம்ப் போட்டு அடிக்கிற அழுத்தத்துக்கு அந்த எண் உத்தரவாதம் தராது. வண்டி கழுவும்போது குழாய் முனையைக் கனெக்டர் பக்கம் திருப்ப வேண்டாம் என்று பையனிடம் சொல்லிவிடுங்கள்.

வயர் மெல்லிய இழைகள் நிறைந்த வாகன வயராக இருக்கட்டும், 0.75 அல்லது 1 சதுர மில்லிமீட்டர். வீட்டுச் சுவருக்குள் போடுகிற ஒற்றைக் கம்பி வயர் வண்டி அதிர்வில் முறிந்துவிடும். கடையிலேயே ஒரு துண்டு வயரில் சீலை மாட்டிப் பாருங்கள். கொஞ்சம் சிரமப்பட்டு ஏறினால் சரி. தானாகச் சரிந்தால் சீல் பெரிது, வாங்காதீர்கள்.

கருவியில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். வயர் நுனியில் மாட்டும் உலோக முனைதான் டெர்மினல், அதன் இறக்கைகளை மடக்கி அழுத்தி வயரைப் பிடிக்க வைப்பதுதான் கிரிம்ப். திறந்த இறக்கை டெர்மினலுக்கான ராட்செட் கிரிம்பிங் பிளையர் வேண்டும். முழுதாக அழுத்தி முடிக்கும்வரை அது கையைத் திறக்கவிடாது, அதுதான் அதன் அருமை. சாதாரணக் குறடு இறக்கையைத் தட்டையாக்கும், இழைகளைச் சுற்றி உருட்டாது.

கோக்கும் வேலை

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். பாசிட்டிவை முதலில் தொட்டால் ஸ்பானர் சட்டத்தில் பட்டுப் பொறி பறக்கும்.

பழைய வயரை, செம்பு பளிச்சென்று தெரியும்வரை வெட்டுங்கள். நீளம் குறைகிறதே என்று கறுத்த செம்பை விட்டுவைக்காதீர்கள், அதில் கிரிம்ப் பிடிக்காது. நீளம் போதாவிட்டால் வயரையே புதிதாக இழுத்துவிடுங்கள்.

இப்போது எதையும் சீவுவதற்கு முன் சீலை வயரில் ஏற்றுங்கள். புதிதாகச் செய்கிறவர்கள் மறக்கிற இடம் இது. டெர்மினல் அடித்த பிறகு சீலை ஏற்ற வழியே இல்லை. சீலுக்கு ஒரு பக்கம் மெல்லிய கழுத்து இருக்கும், மறுபக்கம் வளையம் வளையமாகத் தடித்திருக்கும். கழுத்து டெர்மினலைப் பார்த்தும் வளையங்கள் வயரின் நீளத்தைப் பார்த்தும் இருக்க வேண்டும். ஏற மறுத்தால் ஒரு துளி ஸ்பிரிட் தொட்டுக்கொள்ளுங்கள், அது உலர்ந்துவிடும். எஞ்சின் கிரீஸ், வாசலின், டீசல் எதுவும் வேண்டாம், ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

அடுத்து இன்சுலேஷனைச் சுமார் 5 மில்லிமீட்டர் சீவுங்கள். டெர்மினலைப் பக்கத்தில் வைத்து, முன் இறக்கையின் நீளத்தைவிட ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக எடுத்தால் கணக்கு சரியாக வரும். இழை ஒன்றுகூட அறுபடக் கூடாது. சீவிய பின் இழைகளை விரலால் தொடாமல் அப்படியே விடுங்கள், முறுக்கவும் வேண்டாம்.

சீலின் கழுத்தை இன்சுலேஷன் விளிம்புவரை நகர்த்துங்கள். டெர்மினலில் இரண்டு ஜோடி இறக்கைகள் இருக்கும். முன் ஜோடி செம்பைப் பிடிக்க, பின் ஜோடி சீலின் கழுத்தைப் பிடிக்க. செம்பு மேல் சீல் ஏறிவிட்டால் மின்சாரம் சரியாகப் போகாது, சீல் பின்னால் தங்கிவிட்டால் பின் இறக்கை வெறும் வயரைக் கவ்வும். பொருத்திப் பார்த்துவிட்டு முன் ஜோடியை அழுத்துங்கள், அப்புறம் பின் ஜோடியை. சில பிளையர்களில் இரண்டும் ஒரே அழுத்தில் முடிந்துவிடும்.

இப்போது வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முன் இறக்கையைத் தாண்டி இழைகளின் நுனி தூரிகைபோல ஒரு மில்லிமீட்டர் எட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு ஜோடிக்கும் நடுவில் செம்பும் இன்சுலேஷன் விளிம்பும் தெரிய வேண்டும். பின் இறக்கை ரப்பரை அணைத்துப் பிடித்திருக்க வேண்டும், குத்திக் கிழித்திருக்கக் கூடாது. முதல் ஐந்தாறு டெர்மினலைப் பழகவே வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஒன்றைக் கட்டி 5 லிட்டர் தண்ணீர் கேனைத் தொங்கவிட்டுப் பாருங்கள். வயர் உருவிக்கொண்டு வந்தால் அழுத்தம் போதவில்லை.

ஈயம் வைத்துப் பற்றவைக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரை விறைக்க வைக்கும், விறைப்பு முடிகிற இடத்தில் அதிர்வு வயரை முறிக்கும். நம் சாலைகளில் அதற்கு நாளாகாது.

அப்புறம் டெர்மினலைப் பின்பக்கமாக உடம்புக்குள் தள்ளுங்கள், 'டிக்' என்று கேட்கும். மெல்லப் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது. பேட்டரி பக்கத்திலிருந்து வருகிற வயர்களுக்குப் பெண் டெர்மினல், விளக்குப் பக்கத்துக்கு ஆண் டெர்மினல். கனெக்டரைப் பிரித்தபோது மின்சாரம் உள்ள பின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது அல்லவா? எல்லாம் ஏறியதும் பூட்டுத் துண்டை அழுத்துங்கள். அது உட்கார மறுத்தால் ஏதோ ஒரு டெர்மினல் பாதியில் நிற்கிறது என்று பொருள், பலத்தைக் காட்டாமல் தேடுங்கள். வயர் போடாத துளை இருந்தால் அதற்குரிய மொட்டை சீலைச் செருகுங்கள். ஒரு துளை திறந்திருந்தால் மற்ற சீல்கள் இருந்தும் பயனில்லை.

சூடு காட்டிச் சோதிப்பது

வண்டியில் மாட்டுமுன் இதைச் செய்யுங்கள். கோத்த கனெக்டரை அரை மணி நேரம் நல்ல வெயிலில் வையுங்கள். அப்படியே எடுத்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்ட குளிர்ந்த தண்ணீரில் முக்குங்கள். வயர்களின் நுனிகள் மட்டும் தண்ணீருக்கு மேலே, ஒன்றையொன்று தொடாமல் இருக்கட்டும். 30 நிமிடம் கழித்து மல்டிமீட்டரை மெகாஓம் அளவில் வைத்து, ஒரே பக்கத்து வயர்களை இரண்டிரண்டாகத் தொட்டுப் பாருங்கள். எந்த எண்ணும் வரக் கூடாது. வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. வெளிப்புறத்தைத் துடைத்து, பிரித்து, டிஷ்யூ காகிதத்தை ஒவ்வொரு சீலிலும் ஒற்றி எடுத்தால் எந்தத் துளை ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும்.

மாட்டும்போது

கனெக்டரைச் சக்கரம் சேறு வீசும் இடத்தில் வைக்காதீர்கள். படுக்கை வசமாகக் கட்டுங்கள். வயர் கனெக்டருக்குள் நுழையுமுன் ஒருமுறை கீழே தொங்கி மேலேறட்டும், வழிந்து வருகிற மழை அந்தத் தொங்கலிலேயே சொட்டிப் போகும். பின்பக்கத்தை விட்டு வயர் வெளிவந்த உடனே மடக்காதீர்கள். மடக்கினால் சீல் முட்டை வடிவமாகி ஒரு பக்கம் வாய் திறக்கும். நான்கு விரல்கிடை தூரம் நேராக விட்டு அங்கே ஒரு டை போடுங்கள். மேலே டேப் சுற்றாதீர்கள்.

மாமா வண்டிக்கு மாட்டிக் கொடுத்தபோது, "மேலே ஒரு சுற்று டேப் போட்டுவிடேன் மாப்ளே, மனசுக்கு ஆறுதலா இருக்கும்" என்றார். போடவில்லை. முதல் பெருமழை முடிந்த மறுநாள் வண்டியைக் கொண்டுவரச் சொல்லி அவர் கண்ணெதிரே பிரித்துக் காட்டினேன். டிஷ்யூ காகிதத்தை அவரே ஒற்றிப் பார்த்தார், உலர்ந்திருந்தது.